முழு மார்க் வாங்கிய ஊர்

அத்தியாயம் 9

வேலாயிக்குடியில் நெட்டு எடுக்காது என்பதை எட்டு வாரமாகப் படித்து உங்களுக்கு அலுத்திருக்கும். படிக்கிற நமக்கே இப்படி என்றால், ஆறு வருஷமாக அதை அனுபவிக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். நினைத்துப் பார்க்க வேண்டியவர்கள் நினைத்திருந்தால் இந்தத் தொடரை எழுதுகிற வேலையே எனக்கு வந்திருக்காது.

புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி. இலக்கியா அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த கீரனூர்ப் பெண். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்லில் சந்தேகம் வந்தால் பேசித் தீர்த்துவைக்கிற வேலை. புருஷன் கோபிநாத் தோஹாவில் இருக்கிறான். இவளுக்கு இது ஏழாவது மாதம்.

பேச்சு பாதியில் அறுந்து அறுந்து, சென்னைக் கம்பெனி பொறுமை இழந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் வீட்டில் நெட்டு ஒழுங்காக இருக்கிறது என்று காட்டு, இல்லாவிட்டால் ஆபீசுக்கு வந்து சேர், அதுவும் முடியாது என்றால் ராஜினாமா கொடு என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மாவோ தூரப் பிரயாணமே கூடாது என்கிறார். இப்போது வேலை போனால் பிரசவ விடுப்பும் போச்சு. கைக்குழந்தைக்காரிக்குப் புது வேலை கொடுக்க எந்த மகராசன் காத்திருக்கிறான்?

அரிமளம் சாலையில் ஒரே ஒரு டவர். நாலு ஊருக்கும் அதுதான். போனில் கோடுகள் முழுசாக நிற்கும், கல்யாண மண்டப வாசலில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற பொம்மை மாதிரி. உள்ளே போனால் பந்தி இருக்காது. ஒரு டவரில் நாலு ஊரும் தொங்கினால் இப்படித்தான் ஆகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். போன் கம்பெனிக்கு மட்டும் தெரியாது. 'தங்கள் பகுதியில் சேவை சீராக உள்ளது' என்று எல்லாப் புகாருக்கும் ஒரே பதிலை அனுப்பிக்கொண்டிருந்தது.

அதனால்தான் இலக்கியா தொலைத்தொடர்பு ஆணையத்துக்கே புகார் போட்டாள். பெரிய மனுஷர் பேரில் போட்டால் மதிப்பு இருக்கும் என்று மாமனார் உடையப்பன் பேரில், அவர் நம்பரில் போட்டாள். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்து இன்றைக்கும் நொந்துகொள்கிறாள்.

ஆணையம் எப்படியோ அசைந்தது. வெள்ளிக்கிழமை காலை சோதனைக் கார் வரும், நாலு ஊருக்குள்ளும் ஓடி அளக்கும், அளவு மோசமாக இருந்தால் கம்பெனி இன்னொரு டவர் போட்டே தீர வேண்டும் என்று தகவல் வந்தது. டவர் வர மாசக்கணக்காகும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த உத்தரவைக் காட்டி ஆபீசில் பிரசவம் வரைக்கும் அவகாசம் வாங்கலாம் அல்லவா? அதைத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது.

அன்றைக்குப் பார்த்து இலக்கியாவுக்குப் புதுக்கோட்டையில் ஸ்கேன். மாமியார் அழகி துணைக்குப் போக வேண்டும். தேதியை மாற்றிக்கொள்ளலாமா என்று இலக்கியா யோசித்தாள். உடையப்பன் விடவில்லை.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாத்தா. இங்கிட்டு எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே அழகி சாமி படத்தைத் திரும்பிப் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையெல்லாம் பார்த்துக்கொண்டார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டார்கள்.

உடையப்பனைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கெட்டவர் இல்லை. கோயில் கமிட்டித் தலைவர், நாலு ஊரிலும் சொல் எடுபடும். மருமகள் என்றால் உயிர். 'எங்க மருமக வெளிநாட்டுக்காரன்கிட்ட இங்கிலீஷ்ல சண்டை போடும்' என்று டீக்கடையில் பெருமை பேசாத நாள் கிடையாது. ஒரே ஒரு வியாதிதான். ஆபீசர் என்று யாராவது காரில் வந்து இறங்கினால் மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஓடுவார்.

வியாதி அவருக்கு மட்டும் என்றும் சொல்ல முடியாது, ஊருக்கே அதுதான். வேலாயிக்குடி இதுவரை எந்த ஆய்விலும் தோற்றதில்லை. குடிதண்ணீர் ஆய்வுக்கு ஆள் வந்தபோது முதல் நாளே டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். திறந்த குழாயிலெல்லாம் தண்ணீர் கொட்டியது. அதிகாரி மெச்சி எழுதிவிட்டுப் போனார். புது ஆழ்துளைக் கிணறு பக்கத்து ஊருக்குப் போனது. பள்ளிக்கூட ஆய்வு என்றபோது வெள்ளையடித்து, கூரையில் உடைந்த ஓடுகளை மறைக்கத் தார்ப்பாய் கட்டி, அதன் மேல் மாவிலைத் தோரணம் தொங்கவிட்டார்கள். அதற்கும் பாராட்டு வந்தது. ஓடு அப்படியே இருக்கிறது. எல்லாவற்றிலும் பாஸ் பண்ணிப் பண்ணியே ஒன்றும் இல்லாமல் போன ஊர் அது.

இந்த விவரமெல்லாம் போன் கம்பெனியின் திருச்சி ஆபீசில் இருக்கிற ரகுநாத்துக்கு எப்படித் தெரிந்ததோ. புகார்களை முடித்துவைப்பதுதான் அவன் உத்தியோகம். தீர்த்துவைப்பது இல்லை, முடித்துவைப்பது. வியாழக்கிழமை சாயங்காலம் உடையப்பனுக்குப் போன் போட்டான். பத்து தடவை ஐயா போட்டுப் பேசினான். நாளைக்கு ஆணையத்துக் கார் வருகிறது, நாலு ஊருக்கும் மார்க் போடுவார்கள், அந்த நேரத்தில் ஆளாளுக்குப் போனை நோண்டினால் சோதனைக்கு இடைஞ்சலாகி மார்க் குறைந்துவிடும், ஐயா மாதிரிப் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் என்றான்.

மார்க் என்ற சொல் போதுமானதாக இருந்தது. நெட்டு மோசம் என்று புகார் போனதே தன் பேரில்தான் என்பது உடையப்பனுக்கு அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. ராத்திரியே பைக்கை எடுத்துக்கொண்டு மற்ற மூன்று ஊருக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பெண்கள் இருவரும் பஸ் ஏறிய கையோடு கோயில் மைக்கைப் பிடித்தார்.

"ஊர் மக்களுக்குத் தெரியப்படுத்துறது என்னன்னா, இன்னிக்கு நம்ம ஊருக்கு நெட்டு ஆபீசருங்க வாராங்க. அவுங்க திரும்பிப் போற வரைக்கும் யாரும் போனைத் தொடக்கூடாது. எல்லாரும் ஆஃப் பண்ணி வச்சிருங்க. ஊரு மானம் நம்ம கையில இருக்கு."

ஊர் கேட்டது. நாலு ஊரும் கேட்டது. பக்கத்து வீட்டு எல்லைத் தகராறில் பெற்ற தகப்பன் சொல்லைக் கேட்காதவர்கள், வெளியூர்க் காருக்காகப் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்தார்கள். இந்தப் பணிவைக் கண்டு எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன செய்ய, எழுதித்தானே ஆக வேண்டும்.

கார் வந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே வரிசையாகப் போன்கள் பொருத்தியிருந்தார்கள். ஓட்டி வந்தவன் வசந்த், அளக்கிற ஒப்பந்தக்காரரின் ஆள். பின் சீட்டில் ரகுநாத். அளக்கப்படுகிற கம்பெனியின் ஆளே அளக்கிற காரில் உட்கார்ந்து வருவது எந்த ஊர் நியாயம் என்று கேட்காதீர்கள். வழி காட்டுவதற்காம். திருடனே போலீசுக்கு வழி காட்டுவது நம் நாட்டில் புதுசா?

கார் நாலு ஊரையும் சுற்றியது. ஒரு போனும் ஓடாத ஊரில் நெட்டு பறக்காமல் என்ன செய்யும்? திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. கடைசியில் புகார் கொடுத்தவரின் ஒப்புதல் வேண்டும், ஓடிபி வரும் என்றான் ரகுநாத். உடையப்பன் தன் போனைப் போட்டார். போட்ட மாத்திரத்தில் வந்தது. தேர்வு முடிவு வாசிக்கிற வாத்தியார் மாதிரி அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்துச் சொன்னார். புகார் முடிந்தது. போனை மறுபடியும் அணைத்துவிட்டு, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அதே நேரம் புதுக்கோட்டையிலிருந்து திரும்பிய பஸ் ஊர் முனையில் நின்றது. ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருந்தது. இலக்கியா இறங்கி, ஸ்கேனுக்காகக் காலையில் அணைத்து வைத்த போனைப் போட்டாள்; நாலு எட்டு வைப்பதற்குள் அது கிணுகிணுவென்று அடித்துத் தீர்த்தது. காலையில் இருந்து தேங்கியிருந்த செய்திகள் அத்தனையும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. அவள் அங்கேயே நின்று வேகத்தைச் சோதித்துப் பார்த்தாள். சென்னையில்கூட அப்படி ஒரு எண்ணை அவள் பார்த்ததில்லை.

கார் வருவதற்கு முன்னாலேயே பயந்துபோய் டவரைச் சரிசெய்துவிட்டார்கள் என்று நினைத்தாள். அந்த எண்ணை அப்படியே படம் பிடித்து, ஆபீசில் தன் குழுவுக்குத் தலைவியான சத்யபிரியாவுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. ரொம்ப சந்தோஷம், மூன்று மணிக்கு மேலதிகாரியை வைத்து ஒரு சோதனைப் பேச்சு வைத்துக்கொள்வோம், அதோடு இந்தப் பிரச்சினையை மூடிவிடலாம் என்றாள் சத்யபிரியா.

"அத்தை, வேலை தப்பிச்சிருச்சு."

அழகி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். அந்த நடையை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டு வாசலில் கார் நின்றது. உள்ளே இலை போட்டு நாட்டுக்கோழிக் குழம்பு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் காத்தாயியைக் கூப்பிட்டுச் சமைக்கச் சொல்லியிருந்தார் உடையப்பன். இலக்கியா நேரே ரகுநாத்திடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னாள். டவரில் என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று விசாரித்தாள். ரகுநாத் தண்ணீர் டம்ளரை எடுத்து நிதானமாகக் குடித்தான். பொய் சொல்வதற்குக்கூட அவன் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. உடையப்பனால் பெருமையை அடக்க முடியவில்லை.

"அவுங்க என்னத்தா சரி பண்றது? எல்லாம் மாமன் ஏற்பாடு. நாலு ஊர்லயும் ஒரு போன் ஓடலை. ஒத்தைப் போன் ஓடலை. முழு மார்க்கு."

இலக்கியாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சத்யபிரியாவுக்கு அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தாள். ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒரே போன் அவளுடையதுதான். அதில் வந்த எண்ணைப் படம் பிடித்து ஆபீசுக்கும் அனுப்பிவிட்டாள்.

மறுபடியும் ஒரு தடவை, எல்லாரும் போனைப் போட்ட பிறகு அளந்து பாருங்கள் என்று கேட்டாள். புகார் முடிந்துவிட்டது மேடம் என்றான் ரகுநாத், ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டே. அவள் வசந்த் பக்கம் திரும்பினாள்.

"ஊரே போனை அணைச்சு வச்சிருந்தது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க," என்றான் வசந்த். "நான் காரை ஓட்டுறேன், வர்ற நம்பரை அனுப்புறேன். யாரு போனை அணைச்சாங்கன்னு கேக்க அதுல எடம் கெடையாதுங்க."

தேசம் முழுக்க அளக்கிறார்களே, அந்த அளவின் லட்சணம் இதுதான். இந்த எண்தான் மேலே போய், நாட்டில் இத்தனை ஆயிரம் கிராமங்களில் சேவை சிறப்பு என்று அறிக்கையாகி, யாரோ மேடையில் வாசித்து, யாரோ கை தட்டுவார்கள். வேலாயிக்குடி அதில் ஒரு புள்ளி. கோழிக் குழம்பு தின்றுவிட்டு வைத்த புள்ளி.

போகிற போக்கில், கார்க் கதவைச் சாத்துவதற்கு முன் ரகுநாத் ஒன்று சொன்னான். ஏழு நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் புகார் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் எழுத வேண்டும், சோதனை ஏன் தப்பு என்று காரணமும் எழுத வேண்டும் என்றான். சொல்லிவிட்டு உடையப்பனைப் பார்த்துச் சிரித்தான். இந்த ஆள் எழுத மாட்டார் என்று தெரிந்துகொண்டு சிரிக்கிற சிரிப்பு.

கார் கண்மாய்க் கரையைத் தாண்டியதும் உடையப்பன் வழக்கம்போல மைக்கில் நன்றி சொன்னார். அரிசிப் பானைகளிலிருந்து போன்கள் வெளியே வந்தன. ஆபீசர் வந்த படத்தை ஆளாளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அத்தோடு நெட்டு படுத்தது.

மூன்று மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இலக்கியா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை, ஒரு வார்த்தை திட்டவுமில்லை. அதுதான் உடையப்பனுக்குத் தாங்கவில்லை. மனைவியிடம் என்ன விஷயம் என்று மெதுவாகக் கேட்டார். அழகி விஷயத்தைச் சொன்னாள். இரண்டு நல்ல வார்த்தையும் சேர்த்துச் சொன்னாள், அவற்றைப் பத்திரிகையில் போட முடியாது.

மனுஷன் ஓடினார். செருப்புக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடி மைக்கைப் பிடித்தார். மருமகளுக்கு முக்கியமான பேச்சு இருக்கிறது, வேலையே போய்விடும் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் மட்டும் எல்லாரும் போனை அணைத்து வையுங்கள் என்று கெஞ்சினார். காலையில் உத்தரவு போட்டதும் அதே மைக்தான்.

ஊர் என்ன செய்தது? முதலில் சிரித்தது. கோயிலுக்கு எதிர்த்தாற்போல் உட்கார்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்த சிவசாமி, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"இப்ப எந்த ஆபீசர் வாராரு மாமா?"

ஆபீசர் யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் யாரும் அணைக்கவில்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இலக்கியாவின் கையால் பந்தியில் சாப்பிட்டவர்கள்தான். பெயர் தெரியாத ரகுநாத்துக்காக அரைநாள் அணைத்தவர்கள், தெருவில் இருக்கிற பெண்ணுக்காக அரைமணி அணைக்கவில்லை. உடையப்பன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தான் சொன்னால் ஊர் கேட்கும் என்றுதானே இத்தனை வருஷமாக நினைத்திருந்தார். காருக்குத்தான் கேட்டிருக்கிறது.

அவர் வீட்டுக்குத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. சோதனைப் பேச்சு தொடங்கியதுமே படம் உறைந்து, குரல் துண்டாகி, மூன்று தடவை அறுந்தது. பிறகு சத்யபிரியா சாதாரண அழைப்பில் வந்தாள். பழைய சிநேகம் அவள் குரலில் இல்லை. மத்தியானம் அனுப்பிய படம் உண்மையானதா என்று மேலதிகாரி சந்தேகப்படுகிறார், இரண்டு மணி நேரத்தில் இப்படித் தலைகீழாக மாற வாய்ப்பில்லை என்கிறார், போலிப் படம் அனுப்பியதாக விசாரணை வைக்கப் போகிறார்கள் என்றாள். வேலை போவது ஒன்று. மோசடிக்காரி என்ற பட்டத்தோடு போவது வேறு. இனி எந்தக் கம்பெனியில் கேட்டாலும் அதுதான் முன்னால் போய் நிற்கும்.

இலக்கியா மாமனார் வரும் வரை காத்திருந்தாள்.

"மாமா, மேல்முறையீடு எழுதணும். உங்க பேர்லதான் எழுத முடியும். நான்தான் நாலு ஊரு போனையும் அணைக்கச் சொன்னேன், அந்தச் சோதனை செல்லாதுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். அதோட ஒரு நகலை எங்க ஆபீசுக்கு அனுப்புனா, நான் பொய் சொல்லலைன்னு ஆவும்."

உடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். செய்தது தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எழுதிக் கொடுப்பது என்பது வேறு. ஆபீசரை ஏமாற்றினேன் என்று தன் கையால் எழுதுவதா? தண்ணீர் ஆய்வு, பள்ளிக்கூட ஆய்வு எல்லாவற்றையும் தோண்டினால் என்ன ஆவது?

"ஊரு பேரு கெட்டுப் போகுமேத்தா."

"எம் பேரு கெட்டுப் போச்சே மாமா."

அழகி குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்துவிட்டு வந்தாள். மிச்சமிருந்ததை வீட்டில் யாரும் தொடவில்லை.

அப்போது உடையப்பனின் போன் அடித்தது. தோஹாவிலிருந்து கோபிநாத். அவருக்குப் போனைக் காதில் வைத்துப் பேசிப் பழக்கமில்லை, எப்போதும் சத்தமாக வெளியே கேட்கும்படிதான் வைப்பார். மகனின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. சோதனை என்ன ஆயிற்று, டவர் வருமா, இலக்கியாவின் ஆபீசில் ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டான்.

உடையப்பன் எதிரே உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நான் இன்னமும் நம்புகிறேன். ஆனால் வாய்க்குப் பழக்கமானதுதான் வந்தது.

"எல்லாம் அருமையா முடிஞ்சுதுப்பா. நூத்துக்கு நூறு."

இலக்கியா எழுந்தாள். மாமனார் கையிலிருந்து அதுவரை அவள் எதையும் பிடுங்கியதில்லை. போனைப் பிடுங்கினாள்.

"பொய்ங்க. ஊரு போனை எல்லாம் அணைக்கச் சொல்லி, உங்க அப்பா கம்பெனிக்கு மார்க் வாங்கிக் குடுத்துட்டாரு. டவர் வராது. ஆபீஸ்ல என்னைய மோசடிக்காரின்னு சொல்லிட்டாங்க. எழுதிக் குடுங்கன்னு கேட்டா, ஊரு பேரு கெட்டுருமாம்."

எத்தனையோ நல்ல பேச்சுகளை நடுவில் அறுத்த லைன் அன்றைக்கு அறுக்கவில்லை. அத்தனையும் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

"அப்பாகிட்ட குடு," என்றான் கோபிநாத்.

இலக்கியா போனை நீட்டினாள். யார் எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்குகிற உடையப்பன், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். வாங்கவில்லை.

"வாங்குங்க," என்றாள் அழகி. "இதுவும் ஆய்வுதான்."